மாடு ஒதுக்கிய வைக்கோல்

எங்கள் வீடு இரண்டான வருஷம் மாட்டுக் கொட்டாயும் இரண்டானது. வீட்டுக்கு நடுவே செங்கல் சுவர் எழுப்பினார்கள். கொட்டாய்க்கு அவ்வளவு தேவையில்லை என்று ஒரு தகர ஷீட்டை நிறுத்தி, இரண்டு கம்பங்களில் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். ஷீட்டுக்கு அந்தப் பக்கம் என் கணவரின் அண்ணன் குடும்பம். இந்தப் பக்கம் நாங்கள். இருந்த மாடுகள் இரண்டும் ஜெர்சி கலப்பு, தாயும் மகளும். தாய் அவர்கள் பங்குக்குப் போனது. மகள் எங்களுக்கு வந்தது.

நான் காஞ்சிபுரம் டவுனில் வளர்ந்தவள். அப்பா பஸ் கண்டக்டர். பாலை பாக்கெட்டில் பார்த்துப் பழகியவளை உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாட்டின் அருகே போகவே பயந்த எனக்குப் பால் கறக்கக் கற்றுக் கொடுத்தது என் ஓரகத்திதான், கணவரின் அண்ணன் மனைவி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கையின் மேல் தன் கையை வைத்து, எந்த விரலை முதலில் மடக்க வேண்டும் என்று காட்டியவர். பல வருஷங்கள் ஒரே அடுப்பில் சமைத்தோம்.

பாகப் பிரிவினையின்போது பிரச்சினை நிலத்தில் வந்தது. எங்களுக்கு இருந்தவை இரண்டு கழனிகள். ஒன்று ரோட்டோரம், மேடான இடம், போர்வெல் தண்ணீர் உண்டு. மற்றது ஏரிக்கரைக்குக் கீழே பள்ளத்தில் கிடப்பது. அங்கே எப்போதும் சேறு காயாது. அறுப்பு மெஷின் இறங்கினால் புதைந்துவிடும். ஆள் வைத்துத்தான் அறுக்க வேண்டும், ஆளும் கிடைக்காது. சீட்டுக் குலுக்கியதில் ரோட்டோரக் கழனி எங்களுக்கு வந்தது, பள்ளம் அவர்களுக்கு. அக்கா அழுதுவிட்டார். பெரிய மனிதர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்த இடத்தில், என்னைப் பார்த்து, "இவ வந்தப்புறம்தான் இந்த வூடு ரெண்டா ஒடஞ்சிது" என்றார்.

அதற்குப் பிறகு நான் அவரிடம் பேசவில்லை. அவரும் பேசவில்லை.

முதல் சில மாதங்கள் மாட்டுக்குக் குறை ஒன்றும் இல்லை. பொதுவாக இருந்த பழைய வைக்கோல் போரைப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். அது தீர இன்னும் சில வாரம் இருந்தபோது, கோடையில் நட்ட எங்கள் சொர்ணவாரி நெல் முற்றியது. ரோட்டோரக் கழனிக்கு மெஷின் வந்தது. காலையில் இறங்கி மத்தியானத்துக்குள் அறுத்து முடித்துவிட்டது. என் கணவருக்கு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை, ஷிப்ட். கிடைக்கிற நேரத்தில்தான் கழனியைப் பார்ப்பார். மெஷின் அறுப்பு அவருக்கு நிம்மதியாக இருந்தது.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. நெல்லை எப்படியோ மூட்டை பிடித்து வீடு சேர்த்தோம். மெஷின் துப்பிவிட்டுப் போன வைக்கோல் கழனியிலேயே நனைந்து கிடந்தது. ஒரு நாள் வெயில், மறுநாள் தூறல் என்று போக்குக் காட்டியது. கடைசியில் வைக்கோல் சுருட்டுகிற மெஷின்காரன் அந்தப் பக்கம் வந்தபோது, இனி அவன் எப்போது வருவானோ என்று கட்டச் சொல்லிவிட்டோம். மேலே கை வைத்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. உருளை உருளையாகக் கட்டிப் போட்டான். அவற்றைக் கொட்டாய் ஓரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பழைய போர் காற்றில் சரிந்து, பாதி சிந்தி, பார்க்கவே அலங்கோலமாக இருக்கும். இது கடையில் சரக்கு அடுக்கியதுபோல நேர்த்தியாக இருந்தது.

சில வாரம் போயிருக்கும், பழைய வைக்கோல் தீர்ந்ததும் முதல் உருளையைப் பிரித்துத் தொட்டியில் போட்டேன். மாடு முகர்ந்தது. ஒரு வாய் இழுத்தது. மென்றபடியே தலையை ஆட்டிப் பாதியை உதறிக் கீழே போட்டது. பிறகு மூக்கால் கிளறி, அடியில் என்ன இருக்கிறது என்று தேடியது. காலையில் போய்ப் பார்த்தால் போட்டது அப்படியே கிடந்தது.

"மாடுதானே, பசிச்சா துண்ணும், வுடு" என்றார் என் கணவர்.

பசித்தது. தின்னவில்லை. பால் குறைய ஆரம்பித்தது. கறக்க உட்காரும்போது பாத்திரத்தில் விழும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அதைவிட என்னைத் தொல்லைப்படுத்தியது வேறொரு சத்தம். தகர ஷீட்டுக்கு அந்தப் பக்கம் தாய் மாடு தின்கிற சத்தம். சரக் சரக் என்று இழுத்து, நிதானமாக மென்று, மறுபடி இழுக்கும். அது நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். என் மாடு அந்தப் பக்கம் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு, தன் தொட்டிக்கு முன்னால் சும்மா நிற்கும். அதன் வயிற்றில் பிறந்ததுதான் இது, ஒரே கொட்டாய், ஒரே காற்று. அங்கே தின்கிறது, இங்கே தின்னவில்லை. யாராவது கண் வைத்திருப்பார்களோ என்று நினைத்தேன். யார் என்றும் நினைத்தேன். கற்பூரம் சுற்றிப் போட்டேன். எலுமிச்சம்பழம் கட்டினேன். மாடு எலுமிச்சம்பழத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

பச்சைப் புல் இல்லாமல் இல்லை. ரோட்டோரக் கழனியின் வரப்பையொட்டி என் கணவர் கோ-4 என்கிற தீவனப் புல் நட்டிருந்தார். அது அவருக்குச் செல்லம். ஆளை மறைக்கிற உயரத்துக்கு வளர்ந்து நின்றதை, கம்பெனி நண்பர்கள் வந்தால் கூட்டிப்போய்க் காட்டுவார். அதை வெட்டிப் போட்டாலும் மாடு நுனித் தோகையை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தண்டைத் தள்ளிவிடும். தண்டெல்லாம் கரும்பு மாதிரி கெட்டியாக இருக்கும்.

வைக்கோலும் இறங்காமல் புல்லும் இறங்காமல் நிற்கிற ஜீவனைப் பார்க்க மனசு கேட்கவில்லை. நொய்யரிசியைக் கஞ்சி காய்ச்சி, தவிடு கலந்து ஊற்றினேன். அதைச் சப்புக்கொட்டிக் குடித்தது. குடிக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். அந்தச் சமயத்தில் தெருவில் ஒரு வீட்டில் காதுகுத்து. மிஞ்சிய சோறு ஒரு அண்டா நிறைய இருந்தது. வீணாகப் போகிறதே, மாட்டுக்காவது ஊற்றுங்கள் என்று கொடுத்து அனுப்பினார்கள். ஊற்றினேன். எவ்வளவு நாளாகிவிட்டது அது அப்படித் தின்று பார்த்து என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் மாடு எழுந்திருக்கவில்லை. தட்டி எழுப்பினால் தள்ளாடி நின்றது. சாணி தண்ணீராகப் போயிருந்தது. ஒரு புளித்த நாற்றம் வந்தது. கஞ்சியை வைத்தால் அதையும் தொடவில்லை.

மாட்டு டாக்டர் வந்தார். கால்நடை ஆஸ்பத்திரியில் இருப்பவர். அதிகம் பேசாத மனிதர். மாட்டின் இடது பக்கத்தில், கடைசி விலாவுக்குப் பின்னால், முஷ்டியை வைத்து அழுத்தினார். பிசைந்த மாவில் பதிகிற மாதிரி பதிந்தது. ஸ்டெதஸ்கோப்பை அங்கே வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு அதைக் கழற்றி, "நீங்களும் கேளுங்க" என்று என் கையில் கொடுத்தார். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. காத்திருந்த பிறகு எங்கோ தூரத்தில் ஒரு மரப்பெட்டியை இழுப்பதுபோல ஒரு சத்தம் வந்து அடங்கியது.

"இந்த வயிறு நிமிஷத்துக்கு ஒரு தரமாவது புரளணும். இப்ப படுத்துக்கிச்சு. என்ன ஊத்தினீங்க?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. சோடா உப்பைக் கரைத்து ஊற்றச் சொன்னார். ஊசி போட்டார். சோறு, கஞ்சி, நொய் எதையும் இனிப் பக்கத்தில் காட்டாதீர்கள் என்றார். பிறகு, "ஏன் இவ்வளவு கஞ்சி ஊத்தினீங்க?" என்று கேட்டார்.

"வைக்கோல் துண்ண மாட்டேன்னுது சார். புல்லும் பாதிதான் துண்ணுது. வயிறு காயுதேன்னு ஊத்தினேன்."

"வைக்கோலக் காட்டுங்க."

என் கணவர் அன்று வீட்டில் இருந்தார். ஒரு உருளையை உருட்டி வந்து கயிற்றை அறுத்தார். வெளிச்சுற்று மஞ்சளாகத்தான் இருந்தது. டாக்டர் உள்ளே கைவிட்டு நடுவிலிருந்து ஒரு பிடி இழுத்தார். சாம்பல் நிறத்தில் புகை மாதிரி தூசி கிளம்பியது. மூவரும் இருமினோம். அடைத்து வைத்த ஈரத்துணியின் நாற்றம். நான் இத்தனை நாளும் மேல் சுற்றிலிருந்தே உருவிப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். நடுவில் இருப்பதை மாடு மேல் சுற்றிலேயே முகர்ந்துவிட்டிருந்தது.

"பூசணம் புடிச்சிருக்கு. இத போடாதீங்க" என்றவர், தொட்டியடியில் கிடந்த கோ-4 தண்டு ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து உடைத்தார். சுலபமாக உடையவில்லை. "இது எத்தன உயரம் வளர்ந்ததும் அறுக்கறீங்க?"

"நல்லா வளர்ந்தப்புறம்தான் சார்" என்றார் என் கணவர். குரலில் அந்தப் பழைய பெருமை கொஞ்சம் மிச்சமிருந்தது.

"அதான். பூ வர்ற வரைக்கும் வுட்டிருக்கீங்க. பால் கொறையறது வயிறு காலியா இருக்கறதால இல்ல. ரொம்பி இருக்கறதால."

எனக்குப் புரியவில்லை. "துண்ணவே இல்லையே சார்?"

"கொஞ்சம் தின்னாலும் அது உள்ள போய் உக்காந்துக்குது. முத்தின தண்டு கரையறதுக்கு நேரம் ஆகும். உள்ள இருக்கறது கரைஞ்சு கீழ எறங்கினாத்தான் மேல எடம் கெடைக்கும். எளம் புல்லுன்னா சீக்கிரம் கரையும், சீக்கிரம் எறங்கும். மறுபடி பசிக்கும், மறுபடி தின்னும். இது என்ன பண்ணும்? வயிறு ரொம்பி நிக்கும். ஒடம்புல ஒண்ணும் ஒட்டாது."

கையைக் கழுவிக்கொண்டே, "நல்லாக் காஞ்ச வைக்கோல் பக்கத்துல யார்கிட்டயாவது இருந்தா வாங்கிப் போடுங்க. அசை போட ஆரம்பிச்சாத்தான் வயிறு நேராகும்" என்றார்.

அப்போது ஷீட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சரக் சரக் என்று கேட்டது. டாக்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "அது யாரு மாடு?"

என் கணவர் அறுத்த கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். பிறகு, "அண்ணனோடது" என்றார். டாக்டர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பிரிந்த வீடுகளை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

கணவர் மத்தியான ஷிப்டுக்குப் போனதும் நான் கொட்டாயைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். இந்தப் பக்கத்திலிருந்து அங்கே போக ஷீட்டைக் கழற்றினால் நாலு அடிதான். தெருவுக்குப் போய், அவர்கள் வாசல் வழியாக, தோட்டத்தைச் சுற்றி நடக்க வேண்டியிருந்தது. வழியெல்லாம் என்ன சொல்லிக் கேட்பது என்று அடுக்கிக்கொண்டே போனேன். அக்கா சாணி அள்ளிக்கொண்டிருந்தார்.

"அக்கா" என்றேன். அடுக்கி வைத்ததில் மீதி எதுவும் வாயில் வரவில்லை.

அவர் நிமிர்ந்தார். "மாடு எய்ந்திரிச்சிதா?" என்றார்.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குப் புரியவில்லை.

"உன் பக்கத்துலேர்ந்து சத்தமே வர்லியே. நானும் கேட்டுக்கினுதான் கீறேன். அந்தக் கண்ணுக்குட்டி என் கையில பொறந்தது, எனக்குத் தெரியாதா?"

நான் இந்தப் பக்கம் நின்று அவர் மாட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் அந்தப் பக்கம் நின்று என் மாட்டின் சத்தமின்மையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "வைக்கோல் துண்ண மாட்டேன்னுதுக்கா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கையைக் கழுவினார். போரிலிருந்து இரண்டு கை நிறைய வைக்கோலை உருவித் தலையில் வைத்துக்கொண்டு, நான் வந்த வழியே எனக்கு முன்னால் நடந்தார். அவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்த என் கணவரின் அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுச் செல்போனைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

எங்கள் கொட்டாய்க்குள் நுழைந்ததும் அக்கா மாட்டைச் சுற்றிவந்தார். சாணியைப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"சோத்த ஊத்தினியா?"

"பசியா கீதேன்னு..."

"பசின்னா சோறா? அதுக்கு இன்னா, உன்ன மாரி என்ன மாரி வயிறா கீது?"

வைக்கோலைத் தொட்டியில் போட்டார். பள்ளத்துக் கழனியின் வைக்கோல். மெஷின் இறங்காததால், ஆளுக்கு அலைந்து, பிந்தி, மழையெல்லாம் விட்ட பிறகு கையால் அறுத்தது. வரப்பில் பரப்பிக் காய வைத்து, உதறிப் போர் போட்டது. நீளம் நீளமாக, உடையாமல், லேசான பச்சை கலந்த மஞ்சளில் இருந்தது. காய்ந்த நெல்லின் வாசனை வந்தது. அந்தக் கழனி கிடைத்ததற்காகத்தான் அவர் அன்று அழுதார். அது கிடைக்காததற்காக நாங்கள் மனசுக்குள் சந்தோஷப்பட்டோம்.

மாடு முகர்ந்தது. ஒரு தாளை மட்டும் இழுத்து வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றது. பிறகு மென்றது. பிறகு இன்னொன்று. அக்கா நகரவில்லை. நானும் நகரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மாட்டின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அது முழுதாகத் தேற நாளாயிற்று. அக்கா தினமும் ஒரு கட்டு வைக்கோலை ஷீட்டுக்கு மேலாகத் தூக்கி இந்தப் பக்கம் போடுவார். "இந்தா" என்பார். அவ்வளவுதான். முதல் நாள் என் கணவர் வேலையிலிருந்து வந்து தொட்டியைப் பார்த்ததும், வைக்கோலின் நீளத்தைக் கண்டே புரிந்துகொண்டார். "யாரு குடுத்தா?" என்றார். "அக்கா" என்றேன். தலையாட்டிவிட்டுக் கால் கழுவப் போனவர் வெகுநேரம் கால் கழுவினார்.

பூசண உருளைகளைக் கழனிக்கே எருவாகக் கொண்டுபோய்ப் போட்டோம். புல் விஷயத்தில்தான் வீட்டுக்குள் சண்டை வந்தது.

"இப்பவே அறுத்தா பாதிகூடத் தேறாது. வளரட்டும், நிறைய வரும்" என்றார் அவர்.

"நிறைய வந்து இன்னாத்துக்கு? குப்பைக்குத்தானே போவுது?"

"டாக்டர் சொல்லிட்டுப் போயிடுவாரு. பேஜாரு நமக்கு."

நான் வாதாடவில்லை. ஏற்கெனவே வெட்டியதில் மறுதழை விட்டு, இடுப்பு உயரம் வந்திருந்த பகுதியில் ஒரு கட்டு அறுத்தேன். அவருடைய உயரமான புல்லில் ஒரு கட்டு அறுத்தேன். தொட்டியை நடுவில் ஒரு பலகையால் தடுத்து இரண்டு பக்கமும் போட்டேன். காலையில் அவரைக் கூப்பிட்டேன். இளம்புல் இருந்த பக்கம் தொட்டி நக்கி வைத்ததுபோல இருந்தது. மறுபக்கத்தில் தண்டுகள் குவிந்து கிடந்தன. அவர் தண்டுகளை இரண்டு கையாலும் அள்ளிக் குப்பைக் குழிக்குக் கொண்டுபோனார். ஒரு நடையில் முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரப்புப் புல்லைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒன்று அறுத்தால் அடுத்தது தயாராகிற மாதிரி முறை வைத்து அறுக்க ஆரம்பித்தார். இப்போது அதைத்தான் நண்பர்களைக் கூட்டிவந்து காட்டுகிறார்.

பால் ஏறியது. பழைய அளவுக்கு இல்லை, ஆனால் ஏறியது. அதிகம் தீவனம் வைக்கவில்லை, புதிதாக எதுவும் வாங்கவில்லை. தின்கிற அளவுதான் கூடியிருந்தது. நான் அதுவரை பசி என்பது தின்கிறவருக்குள் மட்டும் இருக்கிற விஷயம் என்று நினைத்திருந்தேன். தட்டில் வைத்ததைச் சாப்பிடாவிட்டால் பசியில்லை என்போம், திமிர் என்போம், கண் பட்டுவிட்டது என்போம். தட்டில் இருப்பதைப் பார்ப்பது கடைசியில்தான் தோன்றுகிறது. அந்த மாடு முகர்ந்து, உதறி, கிளறி, தன்னால் முடிந்த வழியிலெல்லாம் சொல்லியிருக்கிறது.

ஒருநாள் ஷீட்டுக்கு மேலே வைக்கோலுக்குப் பதிலாக அக்காவின் குரல் வந்தது. "உன் புல்லு எளசா கீதாமே. எங்க மாட்டுக்குப் பல்லு தேஞ்சிபோச்சி. ரெண்டு கை குடேன்."

அன்றிலிருந்து வைக்கோல் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது, புல் இந்தப் பக்கத்திலிருந்து போனது. தரம் பார்ப்பதில் அக்கா கறார். ஒருமுறை மழையில் பாத்தி முறை தப்பிப்போய்க் கொஞ்சம் முற்றிய புல்லைக் கொடுத்துவிட்டேன். தண்டு மட்டும் திரும்ப இந்தப் பக்கம் வந்து விழுந்தது. "இத்த நீயே துண்ணு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷீட்டுக்கு அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அடுத்த அறுப்பு தை மாதத்தில். மெஷின்காரன் சுருட்ட வந்து நின்றபோது, இன்னும் காயட்டும் என்று நான் திருப்பி அனுப்பினேன். வேறு ஊருக்குப் போக வேண்டும் என்று முணுமுணுத்தான். என் கணவர் லீவு போட்டார். கழனி முழுக்க வைக்கோலைக் கிளறி, புரட்டிக் காய வைத்தோம். மத்தியானம் பார்த்தால் அக்கா தலையில் துண்டு கட்டிக்கொண்டு ரோட்டோரத்தில் செருப்பைக் கழற்றுகிறார். யாரும் கூப்பிடவில்லை. கழனிக்குள் இறங்கி ஒரு கோடியிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் மறுகோடியிலிருந்து புரட்டிக்கொண்டு போனோம். பிறகு சுருட்டிய உருளைகளில் இரண்டைப் பிரித்து, நடுவில் கைவிட்டு இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனார். அந்த வைக்கோலை மாடு தின்றது. பள்ளத்து வைக்கோலுக்குக் காட்டுகிற ஆசை அதில் இல்லை. மெஷின் நசுக்கிய தாள் குச்சி குச்சியாக இருக்கும். இருந்தாலும் தின்றது.

போன பங்குனியில் எங்கள் மாடு ஈன்றது. கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. பிரசவம் பார்க்க அக்காதான் வந்தார். இப்போது அது பால் குடித்து முடித்ததும் தாயின் தொட்டிக்குள் மூக்கை நுழைக்கிறது. நேற்று வெயில் தாழ்ந்த நேரத்தில், அக்காவும் நானும் கொட்டாயில் நின்றிருந்தோம். கன்று ஒரு தோகையின் நுனியைக் கவ்வியது. மெல்லத் தெரியவில்லை. நாக்கில் புரட்டி, கீழே விட்டு, மறுபடி எடுத்தது. தண்டுப் பக்கம் வாய் பட்டதும் துப்பிவிட்டு, அடுத்த தோகையைத் தேடியது.

"பாரேன், யாரு சொல்லிக் குடுத்தாங்க இதுக்கு" என்றார் அக்கா.

தொட்டியிலிருந்து ஒரு இளந்தோகையைக் கிள்ளி அதன் வாயருகே நீட்டினேன். அது என் விரலையும் சேர்த்துச் சப்ப ஆரம்பித்தது.